சொல்லின் செல்வனிடம் கற்போம்

ருசியமுக மலையை நோக்கி வில்லேந்திய இரு இளைஞர்கள் நடந்துவருகின்றனர். மலைமேல் ஒளிந்து வாழும் சுக்ரீவன் அவர்களைக் கண்டு நடுங்குகிறான்; தன்னைக் கொல்ல வாலி அனுப்பிய ஆட்களோ என்று ஐயுறுகிறான். உண்மையை அறிந்துவருமாறு அனுமனை அனுப்புகிறான். பிட்சுவின் வேடம் பூண்ட அனுமன் அவ்விருவரையும் வணங்கிப் பேசுகிறான். அவன் பேசி முடித்ததும் இராமபிரான் தம்பி இலக்குவனை நோக்கிச் சொல்லும் பாராட்டு, வால்மீகி ராமாயணத்தில் கிஷ்கிந்தா காண்டத்தின் 3-ஆவது சர்க்கத்தில் இடம்பெற்றுள்ளது.

அப்பாராட்டின் சாரம் இதுதான்: மூன்று வேதங்களையும் கற்றுத் தேறாத ஒருவனால் இவ்வாறு பேச இயலாது. இலக்கணத்தைப் பலமுறை ஓதியவன் இவன். இவ்வளவு பேசியும் ஒரு சொல்கூடப் பிழைபடவில்லை. பேசும்போது முகத்திலோ கண்ணிலோ நெற்றியிலோ புருவத்திலோ எந்தக் கோணலும் தோன்றவில்லை. பேச்சு தேவைக்கு மேல் நீளவில்லை. ஐயத்துக்கு இடம் தரவில்லை. இழுத்துப் பேசவுமில்லை, விரைந்து பேசவுமில்லை. குரல் உச்சத்தில் ஏறாமலும் அடியில் அமுங்காமலும் நடுநிலையில் நின்றது. வாளை ஓங்கிய பகைவனின் மனத்தையும் இளகச் செய்யும் பேச்சு இது.

இதே சந்திப்பைப் பாடும்போது, ‘சொல்லின் செல்வன்’ என்ற பட்டத்தை இராமபிரானின் திருவாயாலேயே அனுமனுக்குச் சூட்டிவிட்டார் கம்பநாட்டாழ்வார்.

அடியேன் வங்கிப் பணியில் இருந்த காலத்தில், மேடையில் பேசுவது எப்படி என்று அதிகாரிகளுக்குப் பயிற்சி வகுப்புகள் நடக்கும். அளவாகப் பேசு, தெளிவாகப் பேசு, வேகத்தைக் கட்டுப்படுத்து, முகபாவத்தைக் கவனி, குரலை நடுவில் நிறுத்து என்று வெளியூரிலிருந்து வந்த வல்லுநர்கள் பாடம் எடுப்பார்கள். பணி ஓய்வுக்குப் பிறகு வால்மீகியை நிதானமாகப் படித்தபோது, அந்தப் பாடம் முழுவதும் ஒரே சர்க்கத்தில் அடங்கியிருப்பதைக் கண்டு வியந்தேன்.

‘மேடைப்பேச்சு உபன்யாசகர்களுக்கு உரியது, நமக்கு எதற்கு?’ என்று வாசக அன்பர்கள் எண்ணலாம். சற்றுச் சிந்தித்துப் பார்த்தால், நம் வயதினரைப் போல் பேச அழைக்கப்படுபவர் வேறு எவரும் இல்லை. மார்கழியில் கோயிலில் ஆளுக்கொரு பாசுரம் விளக்கம் சொல்லச் சொல்கிறார்கள். கும்பாபிஷேகக் குழுவில் நன்கொடையாளர்கள் முன் நான்கு வார்த்தை பேச வேண்டியிருக்கிறது. சஷ்டியப்தபூர்த்தியில், சதாபிஷேகத்தில், அடுக்குமாடிக் குடியிருப்பின் பிள்ளையார் சதுர்த்தியில் ‘பெரியவர் இரண்டு வார்த்தை சொல்லட்டும்’ என்று ஒலிவாங்கியைக் கையில் தருகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் பேரனும் பேத்தியும் இருக்கிறார்கள்.

நம் பாட்டிமார் சொல்லித்தான் நமக்குப் பிரகலாதனும் துருவனும் கண்ணப்பரும் அறிமுகமானார்கள். நாம் சொல்லாவிட்டால், அல்லது கேட்கும்படியாகச் சொல்லாவிட்டால், அந்தக் கண்ணி நம்மோடு அறுந்துபோகும். நூல்கள் அலமாரியில் இருக்கும். ஆனால் கதை நெஞ்சில் இருக்காது. ஆகவே கேட்பவர் மனத்தில் தங்கும்படி பேசுவது எப்படி என்பது நமக்குப் பொழுதுபோக்கன்று; கடமை.

கேட்பவர் யார்?

சுந்தர காண்டத்தில் அசோகவனக் காட்சியை நினைத்துப் பாருங்கள். சிம்சுபா மரத்தின் இலைகளுக்குள் மறைந்து அமர்ந்திருக்கிறான் அனுமன். கீழே சீதாப்பிராட்டி, சுற்றிலும் அரக்கியர். பிராட்டியோ உயிரையே துறந்துவிடும் நிலையில் இருக்கிறாள். பேசாமல் திரும்பினால் அவள் உயிர் தங்காது. தவறாகப் பேசினால் அவள் அஞ்சி அலறுவாள், அரக்கியர் விழிப்பர், போர் மூளும், வந்த காரியம் கெடும்.

கடலைத் தாண்டிய மாவீரன், வாய் திறப்பதற்கு முன் நீண்ட நேரம் யோசிக்கிறான். அந்த யோசனைக்கென்றே ஒரு சர்க்கம் முழுவதையும், அதாவது 30-ஆவது சர்க்கத்தை, ஒதுக்கியிருக்கிறார் வால்மீகி. எதைச் சொல்வது என்பதோடு எந்த மொழியில் சொல்வது என்பதையும் அனுமன் ஆராய்கிறான். ‘கற்றறிந்த அந்தணர் பேசும் சமஸ்கிருதத்தில் பேசினால், வேடம் மாறி வந்த இராவணன் என்றே இவள் என்னை எண்ணுவாள். ஆகவே சாதாரண மனிதர் பேசும் மொழியில், பொருள் விளங்கும்படி பேச வேண்டும்’ என்று முடிவு செய்கிறான். தம்மைப் பண்டிதர் என்று எண்ணிக்கொள்ளும் தூதர்கள் காரியத்தைக் கெடுத்துவிடுவார்கள் என்ற கவலையும் அவனுக்கு உண்டு.

இலக்கணம் முழுவதும் கற்றவன், தன் புலமையைக் காட்டும் மொழியைக் கேட்பவளின் நலனுக்காக ஒதுக்கிவைக்கிறான். பேச்சுக்கலையின் முதல் பாடம் இங்கே இருக்கிறது. நமக்கு என்ன தெரியும் என்ற கேள்வி பிறகு வரட்டும். எதிரே இருப்பவருக்கு எது புரியும், எது தேவை என்ற கேள்வி முதலில் வர வேண்டும்.

அடுத்து அவன் செய்ததையும் பாருங்கள். ‘நான் இராமதூதன்’ என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு தொடங்கவில்லை. தசரதர் என்று ஓர் அரசர் இருந்தார் என்று மெல்லிய இனிய குரலில் கதையைத் தொடங்குகிறான். அவருடைய மூத்த மைந்தர் இராமர், தந்தை சொல் காக்கக் கானகம் வந்தது, தேவியைப் பிரிந்தது, வானரத் துணை பெற்றது, தான் கடல் தாண்டி வந்தது என்று சுருக்கமாகச் சொல்லி, ‘இதோ தேவியைக் கண்டேன்’ என்ற இடத்தில் நிறுத்திவிடுகிறான். மாதக்கணக்கில் மிரட்டல் சொற்களையே கேட்டு வாடிய செவிகளுக்கு, அவள் மிக நேசிக்கும் பெயரை முதலில் தருகிறான். மிகச் சிறிய சர்க்கம் அது. கதை நின்றதும் பிராட்டி தானாகவே தலைநிமிர்ந்து மரத்தின் மேல் பார்க்கிறாள்.

கேட்பவரைத் தலைநிமிர்ந்து பார்க்க வைப்பதுதான் நல்ல பேச்சு. ‘கவனியுங்கள், கவனியுங்கள்’ என்று மேடையில் நின்று அதட்டுவதால் அது நடப்பதில்லை.

பிறகு பிராட்டி ஐயத்தோடு கேள்விகள் கேட்கிறாள். இராமரின் அடையாளங்களைக் கூறு என்கிறாள். அனுமன் பொறுமையாக, அங்க அடையாளங்கள் வரை விவரமாகச் சொல்கிறான். அவள் மனத்தில் நம்பிக்கை பிறந்த பின்னரே கணையாழியை எடுத்துக் கொடுக்கிறான். பேச்சோடு ஒரு பொருளைக் காட்டுவதாயின், அதை எப்போது காட்ட வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. கணையாழியை முதலிலேயே மரத்திலிருந்து போட்டிருந்தால், அதுவும் மாயை என்றே அவள் நினைத்திருக்கக்கூடும்.

முதற்சொல்

இலங்கையிலிருந்து மீண்ட அனுமன் இராமபிரான் முன் வந்து நிற்கும் காட்சியைக் கம்பர் தீட்டியிருக்கும் அழகு, உபன்யாசகர்கள் காலங்காலமாகச் சொல்லிச் சுவைத்துவருவது. வந்தவன் இராமரின் திருவடியை வணங்கவில்லை. பிராட்டி இருக்கும் திசையை நோக்கித் தலையும் கையும் திருப்பி, மண்ணில் விழுந்து வணங்குகிறான். பிராட்டி நலம், அவள் கற்பும் நலம் என்று அச்செய்கையே சொல்லிவிடுகிறது. குறிப்பறியும் இராமர் உணர்ந்துகொள்கிறார்.

அதன்பின் வாய் திறக்கும்போது, ‘கண்டேன்’ என்னும் பொருளுடைய சொல்லையே முதலில் வைக்கிறான். ‘சீதையை’ என்று தொடங்கியிருந்தால், அடுத்த சொல் வருவதற்குள் இராமரின் நெஞ்சம் எத்தனை முறை பதறியிருக்கும்! அந்தக் கணநேரத் துன்பத்தைக்கூடத் தலைவனுக்குத் தரக்கூடாது என்பதால் செய்தியின் உயிரான சொல் முன்னே வந்துவிடுகிறது. எங்கே, எப்படி, என்ன நிலையில் என்ற விவரங்கள் பிறகு வரிசையாக வருகின்றன.

நம் கூட்டங்களில் நடப்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ‘அவையோர்க்கு வணக்கம்’ என்று தொடங்கி, மேடையில் இருப்போர் ஒவ்வொருவர் பெயரையும் பட்டத்தோடு விளித்து, ‘எனக்குப் பேசத் தெரியாது, திடீரென்று அழைத்துவிட்டார்கள்’ என்று சொல்லி, நேரமின்மையைக் குறிப்பிட்டு, விஷயத்துக்கு வருவதற்குள் பாதிப் பேர் பிரசாத வரிசையைப் பார்க்கத் தொடங்கிவிடுவர். முதல் இரண்டு வாக்கியங்களுக்குள் உயிரான செய்தி வந்துவிட வேண்டும் என்பது அனுமன் காட்டிய வழி.

கதாகாலட்சேபத்தின் நுட்பங்கள்

நம் நாட்டில் கதை சொல்லும் கலை தனியொரு மரபாகவே வளர்ந்தது. தஞ்சையை மராட்டிய மன்னர்கள் ஆண்ட காலத்தில் மகாராஷ்டிரத்துக் கீர்த்தனக் கலை அங்கே வேரூன்றியது. அந்த முறையைத் தமிழ் மரபோடு இணைத்து, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கதாகாலட்சேபத்துக்கு முழு உருவம் தந்தவர் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர். கையில் சிப்ளாக்கட்டை, பின்பாட்டுக்காரர், மிருதங்கம், இவற்றோடு சாகி, திண்டி, அபங்கம் முதலிய மராட்டிய மெட்டுகளும் தமிழ்க் கீர்த்தனங்களும் கலந்து அவர் கதை நடத்தினார். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம் ஊர்தோறும் பரவியதற்கு இத்தகைய கதாகாலட்சேபங்களே பெருங்காரணம். ஆண்கள் மட்டுமே நின்ற அந்த மேடையில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எதிர்ப்புகளைத் தாங்கி நின்று புகழ்பெற்றார் சி. சரஸ்வதி பாய்.

இந்தப் பாகவதர்கள் கையாண்ட முறைகளைக் கூர்ந்து நோக்கினால் ஒவ்வொன்றிலும் ஒரு காரணம் புலப்படும். தொடக்கத்தில் அன்றைய கதையின் மையக் கருத்தை ஒரு பாட்டால் நிலைநாட்டுவார்கள். இரவு முழுதும் எங்கே சுற்றினாலும் அந்தக் கருத்துக்கே திரும்பி வருவார்கள். கேட்போர் சோர்வதைக் கண்டால் ஒரு கிளைக்கதை வரும். ஊரில் நடந்தது போன்ற ஒரு நகைச்சுவை வரும். உரை நீண்டால் பாட்டு. பாட்டு நீண்டால் உரை. செவிக்கு ஒரே உணவைத் தொடர்ந்து தராத சமையல் அது.

இன்னொரு நுட்பம், கேட்பவரையும் கதைக்குள் இழுத்துக்கொள்வது. சீதா கல்யாணக் கட்டம் வரும் நாளில் ஊரார் தேங்காய், பழம், வெற்றிலைபாக்கோடு சீர்வரிசை கொண்டுவருவார்கள். பானகமும் நீர்மோரும் வழங்கப்படும். பட்டாபிஷேகத்தன்று மாலை மரியாதை நடக்கும். அன்று கேட்டவர்கள் அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் ‘எங்கள் ஊர் ராமாயணம்’ என்று நினைவுகூர்வது, அவர்கள் கேட்டதோடு நில்லாமல் கல்யாண வீட்டாராகவும் இருந்ததால்தான்.

மறுநாளும் கூட்டம் வர வேண்டும் என்பதால், கதை சுவையான திருப்பத்தில் நிற்கும். துச்சாதனன் சபைக்குள் நுழைந்துவிட்டான், திரௌபதி கை கூப்பிவிட்டாள். ‘மீதி நாளைக்கு’ என்று மங்களம் பாடிவிடுவார் பாகவதர். வீடு திரும்பும் வழியெல்லாம் அதே பேச்சாக இருக்கும்.

வாரியார் சுவாமிகளின் வழி

நம் தலைமுறையினர் நேரில் கேட்ட பெருமக்களுள் திருமுருக கிருபானந்த வாரியார் சுவாமிகளை மறக்க இயலாது. 1906-ஆம் ஆண்டு வேலூரை அடுத்த காங்கேயநல்லூரில் அவதரித்து, 1993-ஆம் ஆண்டு இறைவனடி சேரும் வரை ஊர் ஊராகச் சென்று முருகன் புகழ் பரப்பியவர். தந்தையார் மல்லையதாச பாகவதரே அவருக்கு ஆசானாகவும் அமைந்தார். இளமையிலேயே ஆயிரக்கணக்கான பாடல்களை மனப்பாடம் செய்தவர், வீணையும் பயின்றவர்.

இத்தனை கல்வியும் அவருடைய பேச்சில் சுமையாகத் தெரிந்ததேயில்லை. கந்தபுராணத்தை வயல்காட்டு உழவரும் பள்ளிச் சிறுவரும் ஒருங்கே கேட்டு மகிழும்படி சொல்வார். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் குழந்தைகளைப் பார்த்துத் திடீரென்று ஒரு கேள்வி கேட்பார். பதில் சொல்லும் குழந்தைக்குப் பரிசும் உண்டு. அந்தக் குழந்தையின் மழலை பதில்மேல் ஒரு நகைச்சுவையைத் தொடுப்பார். சபை சிரித்து முடிப்பதற்குள் அந்தச் சிரிப்பின் வழியே ஒரு தத்துவம் உள்ளே போய்விடும். அன்றாட வாழ்வில் எல்லோரும் பார்க்கும் பொருள்களையே உவமையாக எடுத்தாள்வார். உவமைக்காக எவரும் அகராதியைத் தேட வேண்டியதில்லை.

குழந்தைகளைக் கேட்டது வெறும் வேடிக்கைக்காக அன்று என்பதே அடியேனின் எண்ணம். குழந்தைக்குப் புரிந்ததா என்று பார்த்துக்கொண்டால் சபை முழுவதற்கும் புரிந்துவிட்டது என்று பொருள். மேலும், தன்னை அந்த மகான் கேள்வி கேட்டார் என்ற நினைவு அந்தக் குழந்தைக்கு ஆயுள் முழுதும் இருக்கும். அந்த நினைவோடு முருகனும் இருப்பான்.

காலத்தின் அருமை

பாகவதத்தில் பரீட்சித்து மன்னனுக்கு 7 நாட்களே ஆயுள். அவன் கங்கைக்கரையில் அமர்ந்து, மரணத்தை எதிர்நோக்கும் மனிதன் எதைக் கேட்க வேண்டும் என்று சுகப்பிரம்ம மகரிஷியிடம் வினவுகிறான். அந்த ஒரு கேள்விக்கு விடையாகவே பாகவதம் முழுவதும் விரிகிறது. கேட்பவனின் நேரம் எண்ணப்பட்டது என்பது சுகருக்குத் தெரியும். நம் எதிரே அமர்ந்திருப்போரின் நேரமும் அத்தகையதே என்ற உணர்வு பேசுபவனுக்கு வேண்டும்; அதிலும் கேட்போர் நம்மைப் போன்ற மூத்தோராக இருந்தால் இன்னும் வேண்டும்.

வங்கி ஆய்வுக் கூட்டங்களில் திரையில் ஒளிப்படத்தாள்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டு, அதில் உள்ள எழுத்துகளையே வரிவிடாமல் வாசிப்போரைப் பலமுறை கண்டிருக்கிறேன். எண்கள் நிறைந்த அந்தத் திரையை ஒருவரும் பார்த்ததில்லை. ஒரு கூட்டத்தில் ஒரு கிளை மேலாளர் மட்டும் திரையை அணைத்துவிட்டு, கறவை மாட்டுக் கடன் பெற்ற ஒரு விதவைத் தாய் அதைத் திருப்பிச் செலுத்திய கதையை ஐந்து நிமிடத்தில் சொன்னார். அன்றைய புள்ளிவிவரங்களில் ஒன்றுகூட இன்று நினைவில்லை. அந்தத் தாயின் மாடு நினைவிருக்கிறது. மனித மனம் கதையைப் பிடித்துக்கொள்வதுபோல் பட்டியலைப் பிடித்துக்கொள்வதில்லை. நம் முன்னோர் தர்மத்தைச் சட்டப்புத்தகமாக மட்டும் வைக்காமல் இதிகாசமாகவும் புராணமாகவும் வைத்ததன் சூட்சுமம் இதுவாகவே இருக்க வேண்டும்.

திருவள்ளுவரும் இதை உணர்ந்தவர். ‘சொல்வன்மை’ என்று ஓர் அதிகாரம் (65), ‘அவையறிதல்’ என்று ஓர் அதிகாரம் (72), ‘அவையஞ்சாமை’ என்று ஓர் அதிகாரம் (73) என மூன்று அதிகாரங்களில் 30 குறட்பாக்களை இதற்கென ஒதுக்கினார். குற்றமற்ற சில சொற்களால் சொல்லத் தெரியாதவரே பல சொற்களை விரும்புவர் என்பது அவர் கருத்து. கற்றதைப் பிறர் உணரும்படி விரித்துரைக்க இயலாதவரை, கொத்தாக மலர்ந்தும் மணம் வீசாத பூவுக்கு ஒப்பிடுகிறார்.

பத்து நிமிடப் பேச்சுக்கு ஒரு மாதிரி

கோயிலில் பத்து நிமிடம் குசேலர் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாகவதத்தின் தசம ஸ்கந்தத்தில் வரும் கதை. சாந்தீபனி முனிவரின் குருகுலத்திலிருந்து தொடங்கினால் பத்து நிமிடமும் குருகுலத்திலேயே போய்விடும். ஆகவே அவல் முடிச்சிலிருந்து தொடங்கலாம். ‘துவாரகையின் பொன்மாளிகையில் ஓர் ஏழை, கந்தைத் துணியில் முடிந்த அவலைக் கண்ணன் பார்த்துவிடக்கூடாதே என்று மறைத்துக்கொண்டிருக்கிறார்.’ இந்த ஒரு வாக்கியம் போதும். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்வார்கள்.

அந்த அவல் எப்படி வந்தது? அண்டை வீடுகளில் மனைவி யாசித்துப் பெற்ற நான்கு பிடி. இதை இரண்டு நிமிடம் சொல்லலாம். கண்ணன் அதைப் பிடுங்கி ஒரு பிடி உண்பதையும், இரண்டாம் பிடிக்கு ருக்மிணி கையைப் பிடிப்பதையும் நிதானமாகச் சொல்லலாம். கதையின் இனிமை அங்கேதான் இருக்கிறது. பிறகு ஒரு கணம் பேசாமல் நிற்க வேண்டும். மௌனமும் பேச்சின் ஒரு பகுதி.

கேட்பவர் வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டிய கருத்து ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். குசேலர் எதையும் கேட்கவில்லை. கேட்காமல் திரும்பியபோதும் மகிழ்ச்சியாகவே திரும்பினார். நட்பின் பெருமை, தானத்தின் பெருமை, வறுமையின் கொடுமை, நாம மகிமை என்று அனைத்தையும் ஒரே பேச்சில் அடுக்கினால் ஒன்றும் நிற்காது. அன்று பிரசாதமாக அவல் கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டால் அனுமன் காட்டிய கணையாழிபோல் அமையும். அவலைப் பார்க்கும்போதெல்லாம் கதை நினைவுக்கு வரும்.

நம் வயதினர்க்குச் சில குறிப்புகள்

பேச்சு முழுவதையும் எழுதி வாசிக்க வேண்டாம். தொடங்கும் வாக்கியத்தையும் முடிக்கும் வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இடைப்பட்டவற்றுக்கு ஐந்தாறு குறிப்புச் சொற்களை, கண்ணாடி இல்லாமலும் தெரியும் பெரிய எழுத்தில், ஓர் அட்டையில் எழுதிக்கொண்டால் போதும்.

முதல்நாள் வீட்டில் யாரையாவது எதிரே அமர்த்தி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பது கணக்கில் சேராது. மனத்தின் வேகம் வேறு, நாவின் வேகம் வேறு.

ஒலிவாங்கியை வாயோடு ஒட்டிப் பிடிக்காமல் ஒரு கையகலம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கேட்போரில் பலருக்குச் செவிப்புலன் குறைந்திருக்கும். அவர்களுக்காகக் குரலை உயர்த்துவதைவிட, வாக்கியத்துக்கு வாக்கியம் சற்று இடைவெளி விடுவதே உதவும். கடைசி வரிசையில் இருப்பவரின் முகம் நோக்கிப் பேசினால் குரல் தானே அதற்கேற்ப அமையும்.

நிற்க முடியாதவர்கள் தயக்கமின்றி அமர்ந்தே பேசலாம்; சுகரும் பாகவதத்தை அமர்ந்துதான் சொன்னார். பக்கத்தில் வெதுவெதுப்பான நீர் இருக்கட்டும். நடுவில் ஒரு பெயர் மறந்துபோனால் அதைத் தேடிக்கொண்டே நிற்க வேண்டாம். ‘அந்த மன்னன்’ என்று சொல்லிக் கடந்துவிடுங்கள். கதையை அறிந்த சபை பெயரைத் தானே சொல்லிக்கொள்ளும்.

தீபாராதனை மணி ஒலித்தால் பேச்சு முடிந்தது என்று கொள்ள வேண்டும். நாம் பேச வந்ததே அவன் புகழைத்தான். அவனே தரிசனம் தரும்போது குறுக்கே நிற்கலாகாது.

பேரப்பிள்ளைகள் என்னும் சபை

இருக்கும் சபைகளில் மிகக் கடினமான சபை இதுதான். பிடிக்கவில்லையென்றால் மரியாதைக்காக அமர்ந்திருக்க மாட்டார்கள்; எழுந்து போய்விடுவார்கள்.

இங்கும் அனுமனே வழிகாட்டி. அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ வளரும் பேரனுக்கு நம் செந்தமிழ் எட்டாது. அவனுக்குத் தெரிந்த எளிய தமிழில், இடையிடையே அவன் அறிந்த சொற்களையும் சேர்த்துச் சொல்வதில் குறைவொன்றும் இல்லை. சீதாப்பிராட்டிக்காகச் சமஸ்கிருதத்தை ஒதுக்கிவைத்தவன் சொல்லின் செல்வன் என்பதை நினைவில் கொள்வோம். கதை உள்ளே போனால் மொழியும் ஒருநாள் பின்தொடரும்.

கைப்பேசித் திரையில் பேசும்போது ஒரே நாளில் ராமாயணம் முழுவதையும் சொல்ல முயல வேண்டாம். ஐந்து நிமிடம் போதும். அனுமன் வாலில் தீ வைத்துவிட்டார்கள் என்ற இடத்தில் நிறுத்தி, ‘அவன் என்ன செய்திருப்பான், நீ சொல்’ என்று கேளுங்கள். குழந்தை தவறாகச் சொன்னால் திருத்த அவசரப்பட வேண்டாம். ‘அட, இதுவும் நன்றாக இருக்கிறதே!’ என்று பாராட்டுங்கள். அடுத்த வாரம் அழைப்பு அவர்களிடமிருந்தே வரும்.

கதை முடிந்ததும் ‘இதனால் நாம் அறிவது என்னவென்றால்’ என்று நீதியை ஊட்ட வேண்டாம் என்பது அடியேனின் தாழ்மையான கருத்து. நம் பாட்டிமார் பிரகலாதன் கதையை முடித்துவிட்டு உறங்கச் சொன்னார்கள். தூணைப் பார்க்கும்போதெல்லாம் நரசிம்மர் நினைவு நமக்குத் தானே வந்தது.

பேசுவதற்கு முன் கேட்டல்

பிரகலாதன் தன் தந்தையிடம் கூறும் ஒன்பது வகைப் பக்தியில் சிரவணம் முதலாவது; கீர்த்தனம் அதற்கு அடுத்தது. கேட்டல் முந்தியது, சொல்லுதல் பிந்தியது. நன்றாகக் கேட்டவரே நன்றாகச் சொல்ல முடியும். நம் ஊர்க் கோயிலில் இளம் உபன்யாசகர் ஒருவர் பேசினால் முன்வரிசையில் சென்று அமர்வோம், தலையசைத்துக் கேட்போம். நம்முடைய கவனமே அவருக்கு நாம் தரும் சன்மானம்.

ராமாயணம் சொல்லும் இடங்களில் ஒரு பழைய வழக்கம் உண்டு. வியாசபீடத்தின் அருகே கோலமிட்டு, ஒரு மணைப்பலகையை வெறுமையாக வைத்திருப்பார்கள். எங்கெல்லாம் ராமகதை சொல்லப்படுகிறதோ அங்கெல்லாம் ஆஞ்சநேய சுவாமி வந்து, கைகளைத் தலைமேல் கூப்பி, கண்ணீர் மல்கக் கேட்கிறார் என்பது ஐதிகம். அந்தப் பலகை அவருக்குரியது. கதை முழுவதும் அவர் அறிந்தது. கதையில் பாதி அவரே நடத்தியது. இராமபிரானே பேச்சில் வல்லவன் என்று புகழ்ந்த அந்தச் சொல்லின் செல்வன், யாரோ ஓர் எளியவர் தட்டுத்தடுமாறிச் சொல்வதைக் கேட்க வந்து அமர்கிறார்.

இனி நம் கையில் ஒலிவாங்கி தரப்படும்போதும், பேத்தி மடியில் வந்து உட்காரும்போதும், அப்படியொரு பலகை எதிரே இருப்பதாக நினைத்துக்கொள்வோம். அச்சம் நீங்கும், அளவும் தானாக வரும்.